சாம்பல் காத்த ஈரம்

எரிமலை என்றால் அழிவு என்றே நான் எண்ணியிருந்தேன். லான்ஸரோத்தே தீவின் சரித்திரம் அதை மாற்றியது. ஸ்பெயினுக்குரிய கானரித் தீவுகளில் ஒன்றான அங்கே 1730 செப்டம்பரில் பூமி வெடித்தது. 1736 வரை ஓயவில்லை. ஊர்களும் விளைநிலங்களும் புதைந்தன.

மிஞ்சிய குடியானவர்கள், சாம்பற் பரலுக்கு அடியில் பழைய மண் தட்டும்வரை குழி தோண்டித் திராட்சையும் அத்தியும் நட்டார்கள். அங்கே வருஷத்துக்குப் பெய்வது சுமார் 150 மில்லிமீட்டர் மழைதான். நாம் சருகு பரப்பி மூடாக்குப் போடுவதில்லையா? அந்த வேலையைப் பரல் செய்தது: மழையையும் பனியையும் உள்ளே விட்டது; வெயிலைத் தடுத்து மண்ணின் ஈரத்தைக் காத்தது. இன்றும் லா ஹேரியாவில் அத்தகைய குழிகளில் திராட்சை பழுக்கிறது.

வயிற்றில் அடித்த சாம்பல்தான் பிறகு சோறும் போட்டது. ஆனால் சும்மா போடவில்லை. குழி தோண்டிய கைகளுக்கே போட்டது.