நூலகமும் பட்டறையும்

டிக்கோயாப் பள்ளத்தாக்கிலே மூடுபனி விலகும் ஒரு காலைப்பொழுதில் நிற்பவர்க்கு இரண்டு காட்சிகள் ஒருங்கே தென்படும். ஒருபுறம், மலைச்சரிவில் வரிசை வரிசையாகச் சாளரங்கள் திறந்து நிற்கும் தேயிலைத் தொழிற்சாலை. தோட்டத்து மக்கள் அதனை ‘ஸ்டோர்’ என்றே வழங்குவர். மறுபுறம், கெசல்கமு ஓயாவை மறித்து 1965 ஆம் ஆண்டிலே அமைக்கப்பெற்ற காசல்ரீ நீர்த்தேக்கம். முன்னது காற்றையும் வெப்பத்தையும் ஆளும் கலை. பின்னது வீழும் நீரை மின்சாரமாக்கும் கலை. இவ்விரண்டு கலைக்கூடங்களுக்கும் நடுவே உள்ள லயங்களிற் பிறந்து வளரும் சிறுவர் சிறுமியர், உலகில் வேறெங்கும் எளிதிற் கிட்டாத அறிவியற் காட்சிகளை நாள்தோறும் காண்கின்றனர். ஆயினும் காண்பது வேறு, அறிவது வேறு. கண்டதைக் கையால் தொட்டு, பிரித்துப் பார்த்து, ஏன் என்று வினவி, விடையை ஒரு நூலிலே தேடும் வாய்ப்பு இருந்தாலன்றிக் காட்சி அறிவாகாது.

நூலையும் கருவியையும் ஓரிடத்தில் வைத்துப் பொதுமக்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்னும் எண்ணம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. அதன் வரலாறு இருநூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்டது.

ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலே ஜோர்ஜ் பர்க்பெக் என்னும் இளம் பேராசிரியர் இருந்தார். தம் விரிவுரைக்கு வேண்டிய கருவிகளைச் செய்விப்பதற்காக ஒரு தகரவேலைப் பட்டறைக்குச் சென்றார். அங்கே வேலைசெய்தவர்கள், தாம் செய்துகொண்டிருந்த கருவி எதற்காக, எவ்வாறு இயங்கும் என்று அவரைச் சூழ்ந்துகொண்டு கேட்டனர். கருவியைச் செய்யும் கைகளுக்கு அதன் தத்துவத்தைச் சொல்வார் இல்லையே என்று அவர் உள்ளம் நெகிழ்ந்தது. 1800 ஆம் ஆண்டிலே தொழிலாளர்க்கென இலவச விரிவுரைகளைத் தொடங்கினார். அந்த விதையிலிருந்தே ‘மெக்கானிக்ஸ் இன்ஸ்டிடியூட்’ எனப்பட்ட தொழிலாளர் கலைக்கழகங்கள் முளைத்தன. 1821 இல் எடின்பரோவிலும், 1823 இல் லண்டனிலும் அவை தோன்றி, பின்னர்ப் பல நாடுகளிற் பரவின. ஒரே கூரையின்கீழ் நூலகம், விரிவுரை மண்டபம், சோதனைக் கருவிகள் ஆகியவற்றை அமைப்பதே அவற்றின் நோக்கம்.

இவ்வியக்கத்துக்குச் சான்றாக ஒரு வாழ்க்கை கண்முன் நிற்கிறது. மைக்கேல் ஃபரடே ஒரு கொல்லரின் மகன். பள்ளிப்படிப்பு மிகச் சிறிது. பதினான்காம் வயதிலே புத்தகம் கட்டும் கடையொன்றில் வேலை பழகச் சேர்ந்தார். கட்டுவதற்கு வந்த நூல்களைப் பிரித்துப் படித்தார். கலைக்களஞ்சியத்தில் மின்சாரத்தைப் பற்றிய கட்டுரையைக் கண்டார். படித்ததோடு அமையாது, கையிலிருந்த சில்லறைக் காசுகளைக் கொண்டு சிறு மின்பொறி ஒன்றைத் தாமே செய்து, நூல் கூறுவது மெய்யோ என்று சோதித்தார். நூலும் பட்டறையும் சந்தித்த இடம் அது. அச்சிறுவரே 1831 ஆம் ஆண்டில் காந்தத்தின் அசைவால் மின்சாரம் பிறக்கும் உண்மையைக் கண்டறிந்தார். காசல்ரீயில் தேங்கும் நீர் கீழே இறங்கிச் சுழற்றும் மின்னாக்கிகள் யாவும் அவ்வுண்மையின்மேல் இயங்குபவையே. அந்நீரைப் பயன்கொள்ள வேண்டுமென 1918 ஆம் ஆண்டிலே கணக்கிட்டு எழுதியவர் டி. ஜே. விமலசுரேந்திரா என்னும் இலங்கைப் பொறியியலாளர். முப்பதாண்டுகளுக்கு மேற்பட்ட தடைகளுக்குப் பின்னர், 1950 இல் லக்சபானவிலே அவர் கனவு நனவாயிற்று.

தேயிலையின் வரலாறும் இதே பாடத்தைப் புகட்டுகிறது. 1867 ஆம் ஆண்டில் லூல்கந்துரத் தோட்டத்திலே ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டபோது, அவரது பங்களாத் திண்ணையே தொழிற்சாலையாயிருந்தது. மேசைமீது கொழுந்தைப் பரப்பிக் கைகளால் உருட்டினர். களிமண் அடுப்பிலே கரிநெருப்பின் மேல் உலர்த்தினர். ஆகவே, இலங்கைத் தேயிலையின் முதல் இயந்திரம் மனிதரின் உள்ளங்கையே எனலாம். பின்னர் வந்த உலர்த்தும் பொறிகளுள் புகழ்பெற்ற ‘சிறொக்கோ’வை ஆக்கியவர் சாமுவேல் டேவிட்சன். அவர் இளமையில் அசாமின் கச்சார்ப் பகுதித் தேயிலைத் தோட்டத்திற் பணியாற்றியவர். கண்முன் நடந்த வேலையின் குறைகளை நேரிற் பார்த்துப் பொறி அமைத்தவர். 1881 இல் பெல்ஃபாஸ்ட் நகரிலே அவரது தொழிற்சாலை எழுந்தது. தோட்டத்திலே கண்ட காட்சி, கருவி செய்யும் வாய்ப்புக் கிட்டியதால், ஒரு கண்டுபிடிப்பாக மலர்ந்தது.

ஆனால் அதே தோட்டங்களிற் கொழுந்து பறித்த, பொறிகளை இயக்கிய தமிழ்த் தொழிலாளர்க்கு அவ்வாய்ப்பு வாய்க்கவில்லை. தோட்டப் பாடசாலை நெடுங்காலம் ஓராசிரியர், ஓரறை, தொடக்க வகுப்புகள் என்ற அளவிலேயே நின்றது. 1970 களில் தோட்டங்கள் அரசுடைமையாகி, அப்பாடசாலைகள் அரசின் பொறுப்பிற்கு மாறத் தொடங்கும் வரை நிலைமை பெரிதும் மாறவில்லை. கை அறிந்திருந்தது, அதற்குத் துணைநிற்க வேண்டிய நூல் தொலைவிலிருந்தது.

அறிவியல் தமிழில் இயலாது என்பதும் காரணமன்று. யாழ்ப்பாணத்து மானிப்பாயிலே சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர், தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். 1875 ஆம் ஆண்டிலே ‘கெமிஸ்தம்’ என்னும் பெயரால் இரசாயன நூலும் தமிழில் வெளிவந்தது. அவர் மாணவர் நூலை மனப்பாடம் செய்ததோடு நில்லாது நோயாளியின் அருகே நின்று கற்றனர்.

நூலகங்களின் பக்கம் திரும்பினால், அங்கும் ஒரு விளையாட்டுப் பொருள் வரலாற்றை மாற்றியமை தெரியவரும். சீர்காழியிற் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் கணித ஆசிரியர். 1924 இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். பயிற்சிக்காக லண்டன் சென்றிருந்தபோது, பெரிய கடையொன்றிலே ‘மெக்கானோ’ என்னும் இரும்புத் துண்டுகளால் புதுப்புது உருவங்களைப் பூட்டிக் காட்டுவதைக் கண்டார். துளையிட்ட சில பட்டைகளும் திருகாணிகளும் எண்ணிறந்த பொறிகளாக மாறுவதுபோல், சில அடிப்படைக் கூறுகளைப் பொருத்தி எந்த நூலையும் வகைப்படுத்தலாமே என்று அவர் சிந்தித்தார். அதன் விளைவே 1933 இல் வெளிவந்த கோலன் பகுப்புமுறை. உலக நூலகவியலுக்குத் தமிழர் ஒருவர் அளித்த பெருங்கொடை, குழந்தைகள் கையாற் பூட்டி விளையாடும் பொருளிலிருந்து பிறந்தது என்பது எண்ணி மகிழத்தக்கது. 1931 ஆம் ஆண்டில், மன்னார்குடி வட்டாரக் கிராமங்களுக்கு மாட்டுவண்டியிலே நூல்களை ஏற்றிச் செல்லும் திட்டம் தொடங்கியபோதும் அவர் முன்னின்றார். வாசகன் வராவிடின் நூல் அவனிடம் செல்ல வேண்டும் என்பதே அவ்வண்டியின் பொருள்.

மேனாட்டுக் கலைக்கழகங்கள் என்னவாயின? பல ஊர்களிலே தொழிலாளர் குறைந்து எழுத்தர் மிகுந்தனர். வேலை முடிந்து களைத்து வந்தவர்க்குக் கடினமான விரிவுரை பயன்படவில்லை. நூல்கள் பல பின்னர்ப் பொது நூலகங்களைச் சேர்ந்தன, கருவிகளோ ஒதுங்கின. இவ்வாறு பிரிந்த நூலையும் கருவியையும் இக்காலத்து நூலகங்கள் மீண்டும் சேர்த்து வைக்கின்றன. அமெரிக்காவின் பெர்க்லி நகர நூலகம் 1979 முதல் சுத்தியலும் வாளும் துளைக்கருவியும் இரவல் தருகிறது. நியூயோர்க் மாநிலத்துப் பேயற்வில் என்னும் சிற்றூர் நூலகம் 2011 இல் பொதுமக்களுக்கான ஆக்கக்கூடம் ஒன்றைத் திட்டமிட்டது. 2018 இல் ஹெல்சிங்கியிலே திறக்கப்பட்ட ‘ஓடி’ நூலகத்தில், தையற்பொறியும் முப்பரிமாண அச்சுப்பொறியும் நூல்களோடு ஒரே கட்டடத்தில் உள்ளன.

இவை செல்வ நாடுகளின் செய்திகள் என்று ஒதுக்க வேண்டியதில்லை. டிக்கோயாவிலே விலையுயர்ந்த பொறி எதுவும் வேண்டா. இரண்டு வெப்பமானிகள், ஒன்றின் குமிழில் ஈரத்துணி. இவற்றைக் கொண்டே மழைநாளிற் கொழுந்து வாடத் தாமதிப்பது ஏன் என்று ஒரு சிறுமி தானே கண்டுகொள்ளலாம். ஸ்டோரில் வாட்டத்தைக் கணிப்பவரும் அம்முறையையே கையாள்கின்றனர். ஒரு தராசு இருந்தால், 100 கிலோ பச்சைக் கொழுந்து ஏறக்குறைய 20 முதல் 22 கிலோத் தேயிலையாகச் சுருங்குவதேன் என்று நிறுத்துப் பார்க்கலாம். ஒரு காந்தமும் செப்புக் கம்பியும் ஓடை நீரிற் சுழலும் சிறு சக்கரமும் கிடைத்தால், லக்சபானவின் இரகசியம் மேசைமேல் விளங்கும். அருகே தமிழில் எழுதிய ஒரு நல்ல நூல். கேட்டால் விடை சொல்ல, ஓய்வுபெற்ற தொழிற்சாலைப் பணியாளர் ஒருவர். அவ்வளவே.

இலங்கையிற் பொது நூலகங்களை நடத்துவன உள்ளூராட்சி மன்றங்கள். 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், சபை நிதியைத் தோட்டப் பகுதிகளிற் செலவிடுவதற்குத் தடையாயிருந்தது. வரியெல்லைக்குள் வாழ்ந்தும் வசதியெல்லைக்கு வெளியே நின்றனர் தோட்ட மக்கள். 2018 ஆம் ஆண்டிலே அச்சட்டம் திருத்தப்பட்டது. கதவு திறந்தது, உள்ளே வைக்க வேண்டியதை வைப்பதுதான் எஞ்சியுள்ள பணி.

கிளாஸ்கோப் பட்டறையிலே கேள்வி கேட்டவர்கள் தகரத் தொழிலாளர். புத்தகக் கடையிலே கேள்வி கேட்டவர் கொல்லர் மகன். கேள்வி பிறக்கும் இடம் செல்வர் வீடாகவே இருக்க வேண்டும் என்ற நியதி எங்கும் இல்லை. டிக்கோயாவின் லயங்களிலும் அக்கேள்விகள் நாள்தோறும் பிறக்கின்றன. அவற்றுக்கு விடைதேட ஒரு மேசையும், சில கருவிகளும், ஒரு நூலடுக்கும் அமைத்துக் கொடுப்பது, தலைமுறை தலைமுறையாக இந்நாட்டின் தேயிலையை உருட்டிய கைகளுக்குச் செலுத்த வேண்டிய கடனாகும்.