லேஸ் பின்னிய கைகள்

பீடி சுற்றிய காசில் படித்த அக்காமார்கள் நிறைந்த ஊர் ஆலங்குளம். எனவே நாகர்கோவில் பெண்கள் விடுதிப் பள்ளியின் வரவுசெலவு நமக்குச் சட்டென்று விளங்கும். 1819 டிசம்பரில் அங்கு வந்த சார்லஸ், மார்த்தா மால்ட் தம்பதியர் நடத்திய பள்ளி அது. இங்கிலாந்திலிருந்து நன்கொடை வந்தது. அதை மட்டும் சொல்லி, தர்மப் பள்ளி என்று நிறுத்திவிடுகிறோம். மார்த்தா கற்றுக்கொடுத்த லேஸைப் பிள்ளைகள் பின்னி, அது விற்ற பணமும் வரவுதானே! அடிமைச் சாதிப் பிள்ளைகள் சிலர் அந்தக் கூலியைக் கொடுத்தே தங்களை மீட்டுக்கொண்டார்கள். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855இல்தான். பிள்ளைகளை வேலை வாங்கியதை நாம் புகழவில்லை. அவர்கள் சம்பாதித்ததை நன்கொடையாளர் கணக்கில் எழுதாதீர்கள் என்கிறோம். மால்ட் மகள் எலைசா 1844இல் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு வந்தார். லேஸும் கூடவே அன்றைய நம் மாவட்டத்துக்கு வந்தது.