கொல்பவரின் வெறுப்பும் கொடுப்பவரின் அன்பும்: கத்தோலிக்க மரபில் உயிர்க்கொடை

விரும்பி உயிரைக் கொடுப்பது எந்த இடத்தில் புனிதம், எந்த இடத்தில் தற்கொலை என்ற கேள்வி கிறிஸ்தவத்தோடு சேர்ந்தே பிறந்தது. தம் உயிரை யாரும் பறிப்பதில்லை, தாமே கையளிப்பதாக இயேசு சொன்னதை யோவான் நற்செய்தியின் 10ஆம் அதிகாரம் பதிவு செய்கிறது. ஓர் ஊரில் துன்புறுத்தினால் அடுத்த ஊருக்கு ஓடிவிடும்படி அவரே சீடர்களுக்குச் சொன்னதாக மத்தேயு எழுதுகிறார். இந்த இரண்டு கூற்றுகளுக்கும் நடுவில்தான் திருச்சபை நெடுங்காலம் தடுமாறியது. ஒருவருடைய சாவை மதிப்பிடும் அளவுகோல் கொன்றவனின் வெறுப்பாக இருந்து, கொடுத்தவரின் அன்பாக மாறிய வரலாறு அது. என் பார்வையில், அந்த மாற்றம் சட்டமாக எழுதப்படுவதற்குப் பதினேழு நூற்றாண்டுகளுக்கு முன்பே எளிய விசுவாசிகளின் உள்ளத்தில் நடந்துவிட்டது.

ஸ்மிர்னா நகரின் ஆயர் பொலிக்கார்ப் கொல்லப்பட்டது ஏறத்தாழ கி.பி. 155இல். அவரது சாவைப் பற்றி அந்தச் சபை எழுதிய மடலில் குவிந்தஸ் என்றொருவர் வருகிறார். பிரிகியாவைச் சேர்ந்த அவர் தாமாகவே முன்வந்து அதிகாரிகளிடம் சரணடைந்தார், மற்றவர்களையும் தூண்டினார். விலங்குகளைக் கண்டதும் நடுங்கிப்போய் ரோமத் தெய்வங்களுக்குப் பலியிட்டுவிட்டார். பொலிக்கார்ப்போ ஊருக்கு வெளியே ஒரு பண்ணை வீட்டில் ஒதுங்கியிருந்தார். தேடி வந்த காவலர்களுக்கு உணவளித்து, மன்றாட ஒரு மணி நேரம் கேட்டு வாங்கிய பிறகே அவர்களோடு போனார். வலியப் போய்ச் சாவைத் தேடுவதைத் தாங்கள் பாராட்டவில்லை என்று மடல் வெளிப்படையாகவே சொல்கிறது. மறைசாட்சியைப் போற்ற எழுதப்பட்ட மடலிலேயே இந்த எச்சரிக்கை இடம்பெற்றது கவனத்துக்குரியது.

எல்லோரும் இதை ஏற்கவில்லை. துன்புறுத்தலுக்கு அஞ்சி ஓடுவதே தவறு என்று வடஆப்பிரிக்காவின் தெர்த்துல்லியன் தனி நூலே எழுதினார். சாவை நோக்கிப் பாய்கிறவர் கொலைகாரனின் குற்றத்துக்கு உடந்தையாகிறார் என்பது அலெக்சாந்திரியா கிளமெந்துவின் நிலைப்பாடு. கார்த்தேஜ் ஆயர் சிப்பிரியான் இரண்டையும் வாழ்ந்து காட்டினார். 250இல் மறைவிடத்திலிருந்தே சபையை வழிநடத்தியவர், 258இல் ஓடாமல் நின்று தலையைக் கொடுத்தார். பிற்காலத்தில் தொனாத்தியர் என்ற வடஆப்பிரிக்கப் பிரிவினரிடையே ஒரு தீவிரக் கூட்டம் மலையுச்சியிலிருந்து குதித்துச் சாவதையும் மறைசாட்சியம் என்று கொண்டாடியபோது அகுஸ்தீனார் குறுக்கிட்டார். படும் துன்பத்தை அல்ல, அதன் காரணத்தைப் பாருங்கள் என்பதே அவர் வாதத்தின் சாரம்.

இந்த விவாதங்களில் எல்லாம் வாளோடு ஓர் எதிரி நிற்கிறான். எதிரியே இல்லாத ஒரு சாவை எழுத்தில் வைத்தவர் அலெக்சாந்திரியா ஆயர் தியோனீசியு. 260களில் அந்நகரைக் கொள்ளைநோய் தாக்கியது. அப்போது அவர் எழுதிய மடலை வரலாற்றாசிரியர் யூசேபியு நமக்குக் காத்துத் தந்திருக்கிறார். நோய் தொட்டவர்களைச் சொந்த வீட்டாரே தெருவில் தள்ளிய நாள்கள் அவை. கிறிஸ்தவக் குருக்களும் திருத்தொண்டர்களும் பொதுநிலையினரும் நோயாளிகளைத் தேடிப் போனார்கள். இறந்தவர்களின் கண்ணையும் வாயையும் மூடி, குளிப்பாட்டி, உடுத்தி, தோளில் தூக்கிச் சென்றார்கள். சில நாளில் அதே பணிவிடை அவர்களுக்கே தேவைப்பட்டது. இந்தச் சாவு மறைசாட்சியத்துக்குச் சற்றும் குறைந்ததல்ல என்று தியோனீசியு எழுதினார். ரோமத் திருச்சபையின் மறைசாட்சியர் பட்டியல் அவர்களைப் பிப்ரவரி 28இல் நினைவுகூர்கிறது. மக்களின் பக்தி அவர்களை மறைசாட்சியராக வணங்கி வந்ததே அதற்கு அடிப்படை.

ஆனால் இறையியல் அந்த வழியில் போகவில்லை. 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் கதவை ஓரளவு திறந்தார். மறைசாட்சியத்தை ஏவுவது அன்பே என்றார். அரசனின் முறைகெட்ட மணத்தைக் கண்டித்ததற்காகத் தலை வெட்டப்பட்ட திருமுழுக்கு யோவானை உதாரணம் காட்டி, விசுவாச அறிக்கை மட்டுமல்ல, கடவுளுக்காகச் செய்யும் எந்த நற்செயலும் அதற்குக் காரணமாகலாம் என்றார். தமிழ் வாசகருக்கு இங்கே ஓரியூர் நினைவுக்கு வரும். 1686இல் மறவர் நாட்டில் சித்திரவதைப்பட்டு விடுபட்ட மறைப்பணியாளர் ஜான் டி பிரிட்டோ, போர்ச்சுகலில் தங்கிவிட வாய்ப்பிருந்தும் 1690இல் திரும்பி வந்தார். திருமுழுக்குப் பெற்ற மறவர் தலைவர் தடியத்தேவர் ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டதால் எழுந்த பகையே 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் பிரிட்டோவின் தலையை வீழ்த்தியது. சாவைத் தேடியல்ல, மக்களைத் தேடி வந்தவர் அவர். கிளமெந்துவும் குறைசொல்ல முடியாத வருகை.

18ஆம் நூற்றாண்டில் பின்னர் திருத்தந்தை 14ஆம் பெனடிக்ட் ஆன லாம்பர்த்தீனி, புனிதர் பட்ட விசாரணை முறையை வகுத்தார். கொன்றவன் விசுவாசத்தை வெறுத்துக் கொன்றான் என்பது நிறுவப்பட வேண்டும் என்ற விதி அதில் உறுதிப்பட்டது. அந்த விதி வகையாகச் சிக்கிக்கொண்ட இடம் அவுஷ்விட்ஸ்.

1941 ஜூலை இறுதியில் ஒரு கைதி தப்பிவிட்டதாகக் கருதி, பத்துப் பேரைப் பட்டினி போட்டுக் கொல்ல முகாம் துணைத்தலைவன் பிரிட்ச் தேர்ந்தெடுத்தான். அவர்களில் ஒருவரான பிரான்சிசேக் காயோவ்னிச்செக் மனைவி மக்களை நினைத்துக் கதறினார். 16670 என்ற எண் கொண்ட கைதி, பிரான்சிஸ்கன் குரு மாக்சிமிலியன் கோல்பே, வரிசையை விட்டு வெளியே வந்து அவருக்குப் பதிலாகத் தான் போவதாகச் சொன்னார். இரண்டு வாரத்துக்குப் பிறகும் உயிர் பிரியாததால் ஆகஸ்ட் 14 அன்று ஃபீனால் ஊசி போட்டு அவரைக் கொன்றார்கள். குரு என்பதற்காக அவர் தேர்ந்தெடுக்கப்படவில்லை. அவர் கேட்காதிருந்தால் அன்று அவரைத் தொட்டிருக்கவே மாட்டார்கள். ஆகவே 1971இல் ஆறாம் பவுல் அவரை மறைசாட்சியாக அல்ல, புண்ணிய வாழ்வு வாழ்ந்தவராகவே அருளாளர் ஆக்கினார். 1982 அக்டோபர் 10 அன்று இரண்டாம் யோவான் பவுல், ஆய்வாளர்களின் தயக்கத்தை மீறி, மறைசாட்சியருக்குரிய சிவப்பு உடையணிந்து வந்து அவரை மறைசாட்சி என்றே அறிவித்தார். காயோவ்னிச்செக்கும் அங்கே இருந்தார். மனிதரை அழிக்கவே அமைந்த நாத்சி ஆட்சியின் வெறுப்பு விசுவாசத்தின் மீதான வெறுப்பும்தான் என்பது அந்த முடிவை ஆதரித்தவர்களின் வாதம். முடிவு சரி என்றே நினைக்கிறேன், வாதம்தான் சுற்றுவழி. கோல்பேயின் பெருமையை நிறுவக் கொன்றவனின் மனத்தைத் துருவ வேண்டியதில்லை.

2017 ஜூலை 11 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் தாமாக வெளியிட்ட மடல் அந்தச் சுற்றுவழியை நீக்கியது. மறைசாட்சியம், வீரம் செறிந்த நற்பண்பு வாழ்வு என்ற பழைய பாதைகளோடு ‘உயிர்க்கொடை’ என்ற புதிய பாதையை அது சேர்த்தது. முழு விருப்பத்தோடு, அன்பின் பொருட்டு, உறுதியான அகாலச் சாவை ஒருவர் ஏற்றிருக்க வேண்டும். அந்தக் கொடைக்கும் சாவுக்கும் தொடர்பு இருக்க வேண்டும். கொன்றவனைப் பற்றிய கேள்வியே இல்லை. ஆனாலும் அருளாளர் நிலைக்கு மறைசாட்சியருக்கு வேண்டாத ஓர் அற்புதத்தை இவர்களிடம் திருச்சபை கேட்கிறது. பழைய அளவுகோலின் நிழல் இன்னும் முழுதாக விலகவில்லை.

2025 பிப்ரவரியில் இப்பாதையில் ஏற்கப்பட்ட இருவரை அருகருகே வைத்துப் பார்க்கலாம். சால்வோ டி’அக்குவிஸ்தோ 22 வயது இத்தாலியக் காவலர். 1943 செப்டம்பர் 23 அன்று பணயமாகப் பிடிபட்ட ஊர்மக்களை விடுவிக்க, தான் செய்யாத குற்றத்தைத் தன்மேல் ஏற்றுக்கொண்டு, அன்றே சுடப்பட்டார். அவருக்குச் சாவு உறுதி. எமில் கப்பவுன் என்ற அமெரிக்கப் படைக்குரு 1950 நவம்பரில் கொரியாவில் தப்பும் வாய்ப்பை விட்டுக் காயம்பட்டவர்களோடு தங்கினார். போர்க்கைதி முகாமில் 1951 மே மாதம் இறந்தார். தங்க முடிவுசெய்த கணத்தில் அவருக்குத் தெரிந்தது ஆபத்து மட்டுமே. அலெக்சாந்திரியாவில் நோயாளியின் வாசற்படியைத் தாண்டியவர்களுக்கும் தெரிந்தது அவ்வளவே. ‘உறுதியான சாவு’ என்ற நிபந்தனையை ரோம் எழுத்துக்கு எழுத்தாகப் படிக்கவில்லை என்பதற்குக் கப்பவுனின் வழக்கே சான்று.