மக்காச்சோளமும் சிறு விவசாயியின் லாபமும்

ஒரு பயிரில் லாபம் வருமா என்று கேட்டால் பலரும் விளைச்சலைத்தான் முதலில் பார்ப்பார்கள். ஆனால் விளைந்தது நல்ல விலைக்கு விற்றால்தானே லாபம்? ஜிம்பாப்வே நாட்டின் மக்காச்சோள வரலாறு இதற்கு ஒரு நல்ல உதாரணம்.

அந்நாடு தெற்கு ரொடீசியா என்ற பிரிட்டிஷ் காலனியாக இருந்தபோது, 1930ஆம் ஆண்டின் நிலப் பங்கீட்டுச் சட்டம் நிலத்தை இன அடிப்படையில் பிரித்தது. நல்ல நிலங்களில் பெரும்பகுதி வெள்ளையர்களுக்குப் போனது. அடுத்த ஆண்டே மக்காச்சோளக் கட்டுப்பாட்டுச் சட்டமும் வந்தது. 1934இல் அதைத் திருத்தியபோது, அதிக விலை கிடைத்த உள்நாட்டுச் சந்தையில் பெரும் பங்கு வெள்ளைப் பண்ணையாளர்களுக்கு ஒதுக்கப்பட்டது. ஆப்பிரிக்க விவசாயிக்குக் குறைந்த விலைதான் கிடைத்தது. தானியம் ஒன்று, விலை இரண்டு!

1960இல் எஸ்.ஆர்.52 என்ற புகழ்பெற்ற கலப்பின ரகம் வெளியானது. அதற்கு நல்ல மழையும் நிறைய உரமும் வேண்டும் என்பதால் பெரிய பண்ணைகளே அதிகம் பயனடைந்தன. 1970களில் வந்த ஆர்.201, ஆர்.215 ஆகியவை குறுகிய கால ரகங்கள். மழை குறைந்த பகுதிகளுக்கும் இவை ஏற்றவை.

ஆனால் விதை மட்டும் போதவில்லை. 1980இல் சுதந்திரம் கிடைத்த பிறகு, அரசின் தானிய விற்பனை வாரியம் கிராமப் பகுதிகளுக்கு அருகிலேயே கொள்முதல் நிலையங்களைத் திறந்தது. கடனும் கிடைத்தது, விலையும் உயர்ந்தது. வண்டிக்கூலி குறைந்ததால் கையில் மிஞ்சும் பணம் கூடியது. வாரியம் வாங்கிய மக்காச்சோளத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத சிறு விவசாயிகளின் பங்கு, 1980களின் நடுப்பகுதியில் ஏறத்தாழ பாதியானது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மழை நன்றாகப் பெய்த பகுதிகளில், உழவு மாடுகள் வைத்திருந்தவர்களே அதிகம் பயனடைந்தனர். வாங்கிச் சேமிக்கும் செலவு வாரியத்தை நஷ்டத்தில் தள்ளியது. 1980களின் பிற்பகுதியில் கிராமக் கொள்முதல் மையங்கள் பல மூடப்பட்டன. 1991இல் பொருளாதாரச் சீர்திருத்தம் தொடங்கியது. 1992இல் கடும் வறட்சியும் தாக்கியது.

மையம் மூடிய ஊரில் விதை மாறவில்லை, உழைப்பும் மாறவில்லை. வண்டிக்கூலி மட்டும் மீண்டும் விவசாயியின் செலவுக் கணக்கில் ஏறியது. சிறு விவசாயியின் லாபம் வயலில் பாதி, சந்தைக்குப் போகும் வழியில் பாதி என்பதே இந்த வரலாறு சொல்லும் பாடம்.