பெயர் சூட்டும் முன்னே சம்பளம் கொடுத்த ஆய்வுகூடம்

ஒரு விஞ்ஞானியை நாடு எப்படிக் கௌரவிக்க வேண்டும்? பொன்னாடை போர்த்தியா, மண்டபத்துக்குப் பெயர் வைத்தா, முத்திரை வெளியிட்டா? இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எங்களுக்கு நினைவில் வருபவர் மரியா கோப்பெர்ட் மேயர். நீண்ட பதிவுதான், பொறுமையாக வாசியுங்கள்.

அமெரிக்காவின் சிக்காகோ நகருக்கு அருகே ஆர்கோன் தேசிய ஆய்வுகூடம் இருக்கிறது. 1946 ஜூலை 1ஆம் திகதி தொடங்கப்பட்டது. அந்நாட்டின் முதலாவது தேசிய ஆய்வுகூடம் அதுதான். இன்று அங்கே மரியாவின் பெயரில் ஓர் ஆய்வாளர் பதவி உண்டு. கலாநிதிப் பட்டம் பெற்று, ஆய்வுப் பணியின் தொடக்கத்தில் நிற்கும் இளையவர்களுக்குக் கிடைக்கும் பதவி அது. அந்தப் பதவிக்கு அவரது பெயர் எவ்வளவு பொருத்தம் என்பது அவரது கதையைத் தெரிந்தால்தான் விளங்கும்.

மரியா 1906இல் பிறந்தவர். ஜேர்மனியின் கோட்டிங்கன் நகரில் வளர்ந்து, மக்ஸ் போர்னிடம் படித்து, 1930இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். ஓர் அணு ஒரே நேரத்தில் இரண்டு ஒளித்துணிக்கைகளை உறிஞ்ச முடியும் என்று அந்த ஆய்வில் கணித்துக் காட்டினார். லேசர் வந்த பிறகு, 1961இல்தான் அது பரிசோதனையில் நிரூபிக்கப்பட்டது. இன்று அந்த உறிஞ்சலை அளக்கும் அலகுக்கே அவரது பெயர்தான்.

அதே 1930இல் அமெரிக்கரான ஜோசப் மேயரைத் திருமணம் செய்து அமெரிக்கா போனார். கணவன் பேராசிரியராக இருக்கும் பல்கலைக்கழகத்தில் மனைவிக்கு வேலை கொடுப்பதில்லை என்பது அன்றைய நடைமுறை. ஜோன்ஸ் ஹொப்கின்ஸில் ஏறத்தாழச் சம்பளமே இல்லாமல் ஆய்வு செய்தார். கொலம்பியாவிலும் இருக்க இடம் கிடைத்தது, சம்பளம் கிடைக்கவில்லை. 1946இல் சிக்காகோ பல்கலைக்கழகம் அவருக்குக் கொடுத்ததும் ஊதியமில்லாத் தொண்டர் பதவிதான். தொண்டர் ஆசிரியர்களை வருடக்கணக்காகக் கண்டுவரும் எங்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

அந்த நேரத்தில் புதிதாகத் தொடங்கிய ஆர்கோன் அவரை அழைத்தது. அழைத்தவர் அவரிடம் முன்பு படித்த மாணவரான ரொபர்ட் சாக்ஸ். அணுக்கருப் பௌதிகம் தனக்குத் தெரியாதே என்று மரியா தயங்கினார். படித்துக்கொள்ளலாம் என்று சாக்ஸ் தைரியம் கொடுத்தார். அரைநேர வேலை, ஆனால் சம்பளத்தோடு.

அங்கிருந்துகொண்டுதான் அவர் அந்தப் பெரிய புதிரை எடுத்தார். 2, 8, 20, 28, 50, 82, 126 என்ற எண்ணிக்கையில் புரோத்தன்களோ நியூத்திரன்களோ இருந்தால் அந்தக் கரு விசேட உறுதியோடு இருக்கிறது. 50 புரோத்தன்கள் கொண்ட வெள்ளீயத்துக்கு உறுதியான சமதானிகள் பத்து உள்ளன. 82 புரோத்தன்களும் 126 நியூத்திரன்களும் கொண்ட ஈயக் கரு மிக உறுதியானது. இவற்றுக்கு மாய எண்கள் என்று பெயர். ஏன் இந்த எண்கள்?

அணுவில் இலத்திரன்கள் ஓடுகளில் இருப்பதுபோல் கருவுக்குள்ளும் ஓடுகள் உண்டு என்று மரியா கருதினார். ஆனால் கணக்கு முழுமையாகப் பொருந்தவில்லை. ஒருநாள் பேசிக்கொண்டிருந்தபோது என்ரிக்கோ ஃபெர்மி ஒரு கேள்வி கேட்டார்: துணிக்கை தன்னைத்தானே சுழல்வதற்கும் அது சுற்றிவருவதற்கும் இடையே தொடர்புக்கான அறிகுறி ஏதும் உண்டா? மரியாவுக்கு விடை உடனே புலப்பட்டது. சுற்றும் திசையிலேயே சுழலும் துணிக்கைக்கு ஒரு சக்தி, எதிர்த்திசையில் சுழல்வதற்கு வேறு சக்தி. இதைச் சேர்த்ததும் எல்லா மாய எண்களும் கணக்கில் வந்து விழுந்தன. 1949இல் வெளியான கட்டுரையிலேயே அந்தக் கேள்விக்காக ஃபெர்மிக்கு நன்றி எழுதினார்.

அதே விடையை ஜேர்மனியில் ஹான்ஸ் ஜென்சன் குழுவினரும் தனியாகக் கண்டுபிடித்திருந்தார்கள். மரியா அவரைப் போட்டியாளராகப் பார்க்கவில்லை. இருவரும் சேர்ந்து 1955இல் நூலே எழுதினார்கள். 1963இல் பௌதிகவியல் நோபல் பரிசின் ஒரு பாதி யூஜீன் விக்னருக்கும், மறுபாதி இவர்கள் இருவருக்கும் கிடைத்தது. மேரி கியூரிக்குப் பின் அந்தப் பரிசைப் பெற்ற இரண்டாவது பெண் மரியா. அப்போதும் அவர் வாழ்ந்த சன் டியாகோ நகரப் பத்திரிகை ஒன்று, நகரின் தாய் ஒருவருக்கு நோபல் பரிசு என்ற கருத்தில்தான் தலைப்புப் போட்டது.

அந்த நகரின் பல்கலைக்கழகம் 1960இல் முழுச் சம்பளத்தோடு பேராசிரியர் பதவி கொடுத்தபோது, அவர் கலாநிதியாகி 30 வருடங்கள் கடந்திருந்தன. அங்கு போன சிறிது காலத்திலேயே பக்கவாதம் தாக்கியது. 1972இல் காலமானார். அவரது முகத்தோடு அமெரிக்க முத்திரை வந்தது 2011இல்.

அரைநேரச் சம்பளம் முழு நீதி என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் உலகம் கைதட்டுவதற்கு முன்பே, பெயரில்லாத காலத்திலேயே, ஆர்கோன் அவருக்கு ஒரு மேசையும் சம்பளமும் கொடுத்தது. இன்று அவர் பெயரால் இளையவர்களுக்கு அதையே கொடுக்கிறது. சிலை வைப்பதைவிட இது பெரிய கௌரவம் என்பது எங்கள் எண்ணம்.

நாமும் பரிசளிப்பு விழா நடத்துகிறோம், ஓய்வு பெறுபவருக்குப் பொன்னாடை போர்த்துகிறோம். நல்லதுதான். ஆனால் நமது பாடசாலையில் கொடுப்பனவு இல்லாமல் விஞ்ஞானம் படிப்பிக்கும் அந்தச் சகோதரியை யார் கவனிக்கிறோம்? பழைய மாணவர் சங்கங்களும் பாடசாலை அபிவிருத்திக் குழுக்களும் அடுத்த விழாவுக்கு வரவு செலவு போடும்போது, மேடைச் செலவுக்கு முன்னால் அவரது பெயரையும் ஒரு வரியாக எழுதட்டும்.