குடக்கூலி: ஒரு சரித்திரக் குறிப்பு

தமிழ்ச் சிறுகதையில் ஒண்டுக்குடித்தனம் வந்துவிட்டால் நம் விமர்சகர்கள் உடனே மூச்சுத்திணறல், அந்நியமாதல், தனிமனிதனின் தவிப்பு என்று எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். அந்த அறை ஏன் அந்த அளவில் இருந்தது, அதற்கு மாத வாடகை என்ன, அதை யார் நிர்ணயித்தார்கள், அதில் ஏன் அந்தக் குடும்பம் இருந்ததே தவிர வேறொரு குடும்பம் இல்லை என்று கேட்பதில்லை. குறியீடாக ஆவதற்கு முன்னால் அறை என்பது வாடகைக்கு விடப்பட்ட ஒரு இடம். அதன் சரித்திரம் பாதி கதைகளிலும் பாதி சட்டப் புத்தகங்களிலுமாகக் கிடக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் சென்னையில் குறைந்த சம்பளக்காரன் வீடு தேடிய விஷயம் கொஞ்சம் துலங்குகிறது.

சொல்லிலிருந்து ஆரம்பிக்கலாம். குடிக்கூலி என்பதுதான் பேச்சில் குடக்கூலி ஆயிற்று. உழைத்தவன் வாங்குவது கூலி. இங்கே குடியிருக்கிறவன் கொடுக்கிறான். சென்னையில் இந்தச் சொல் மெல்லப் பின்வாங்கி, வண்டிக்கும் பாத்திரத்துக்கும் பொதுவான வாடகை என்ற சொல் நிலைத்துவிட்டது. அதன் பக்கத்தில் பிறகு வந்து உட்கார்ந்தது அட்வான்ஸ். முன்பணம் என்று எழுதுகிறோமே தவிர யாரும் அப்படிச் சொல்வதில்லை. இந்தக் குறிப்பு முக்கியமாக அந்தச் சொல்லைப் பற்றியது.

நகரத்தின் ஏழைகளில் ஒரு பகுதியினர் முதலில் வாடகைக்கு எடுத்தது வீட்டை அல்ல, மண்ணை. பிறர் மனையில் தரை வாடகை கொடுத்துத் தாங்களே குடிசையோ ஓட்டு வீடோ போட்டுக்கொண்டார்கள். மனையின் விலை ஏறியதும் சொந்தக்காரர் காலி செய்யச் சொன்னார். இதைத் தடுக்க வந்ததுதான் 1921ஆம் வருஷத்துச் சென்னை நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம். வெளியேற்றுவதானால் கட்டிடத்துக்கு நஷ்டஈடு தர வேண்டும். குடியிருப்பவர் அந்த மனையைத் தமக்கே விற்கும்படி கோர்ட்டில் கேட்கவும் செய்யலாம். அந்தக் காலத்துக்கு இது துணிச்சலான சட்டம். (1996இல் கோயில் முதலான சமய ஸ்தாபனங்களின் மனைகளை இதிலிருந்து விலக்கிவிட்டார்கள்.) ஆனால் அது காத்தது மண்ணை எடுத்துக் கூரை போட்டவனை. அந்தக் கூரையின் கீழ் ஒரு மூலையை உள்வாடகைக்குப் பிடித்தவன் அதன் கண்ணில் படவில்லை. இந்தப் பாரபட்சம் பின்னால் வந்த சட்டங்களிலும் வேறு வேறு ரூபத்தில் தொடர்கிறது.

வீட்டு வாடகைக்கான கட்டுப்பாடு யுத்தத்தின் குழந்தை. முதல் உலக யுத்தத்தின்போது கிளாஸ்கோ நகரத்தில் வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்ற, 1915இல் மேரி பார்பர் போன்ற பெண்கள் முன்னின்று வாடகை கொடுக்க மறுத்தார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சேர்ந்துகொண்டன. அந்த வருஷக் கடைசியிலேயே பிரிட்டிஷ் பார்லிமெண்ட் வாடகையை 1914 ஆகஸ்ட் நிலவரத்தில் நிறுத்திச் சட்டம் செய்தது. பம்பாய்க்கு 1918இல் அப்படி ஒன்று வந்தது. சென்னைக்கு 1941இல், இரண்டாம் யுத்தத்தில், இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் ஒரு உத்தரவாக வந்தது. அடுத்த வருஷம் ஏப்ரலில் ஜப்பான் குண்டு போடும் என்ற பயத்தில் ஜனங்கள் நகரத்தைக் காலி செய்துகொண்டு ஓடியது தெரிந்த கதை. பயம் தெளிந்து திரும்பினார்கள். அவர்களோடு புதியவர்களும் வந்தார்கள். உத்தரவு 1946இல் சட்டமாயிற்று. 1949இல் புதுப்பிக்கப்பட்டு, 1960இல் தமிழ்நாடு பின்னால் அரை நூற்றாண்டுக்கு மேல் வைத்துக்கொண்ட கட்டிடங்கள் குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமாயிற்று.

ஒண்டுக்குடித்தனத்தை இந்தச் சட்டம்தான் உண்டாக்கியது என்று சொல்லிவிட முடியாது. புதுமைப்பித்தனின் 'ஒரு நாள் கழிந்தது' இதற்கெல்லாம் முந்தியது. சென்னையின் 'ஒட்டுக் குடித்தனம்' அதிலேயே பூரணமாக இருக்கிறது. சட்டம் செய்தது அதை உறையவைத்ததுதான். நியாய வாடகையைக் கணக்கிட 1940 ஏப்ரல் முதல் தேதிக்கு முந்திய பன்னிரண்டு மாதத்தில் அந்தப் பேட்டையில் நிலவிய வாடகையே அடிப்படை. அதற்கு மேல் ஏதோ சில சதவீதம் கூடும். நீண்ட காலம் இதுவே நடைமுறை. ஆக, அந்த வருஷங்களில் ஊரில் அரிசி, துணி, சம்பளம் எல்லாம் நகர்ந்தன. உள்ளே இருப்பவனின் வாடகை மட்டும் சட்டப்படி யுத்தத்துக்கு முந்திய நாட்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் வெள்ளையடிப்பதை நிறுத்தினார். குடியிருப்பவர் காலி செய்வதை நிறுத்தினார்.

இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு என்பது என் ஊகம். செல்லப்பாவின் 'எழுத்து' 1959 முதல் 1970 வரை திருவல்லிக்கேணிப் பிள்ளையார் கோயில் தெரு முகவரியிலிருந்து வந்தது. பின்னால் வந்த சிறுபத்திரிகைகளுக்கும் அந்த வட்டாரத்துச் சந்துகளும் மேன்ஷன் அறைகளும்தான் சந்திக்கும் இடம். நஷ்டத்தில் பத்திரிகை நடத்துகிறவனுக்கும், பகலில் குமாஸ்தாவாக இருந்து இரவில் எழுதுகிறவனுக்கும் ஏறாத வாடகை எவ்வளவு பெரிய மானியம்! அகாதமிகள் தராததை ஏப்ரல் முதல் தேதி தந்தது.

ஆனால் இது உள்ளே இருந்தவர்களின் சரித்திரம். வெளியே நின்றவனைப் பற்றிச் சட்டம் என்ன சொன்னது? வீடு காலியானால் சொந்தக்காரர் அரசாங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. அரசாங்கம் அதைத் தன் ஊழியர்களுக்கு ஒதுக்கலாம். மற்றவன் டு-லெட் போர்டைப் பார்த்துக் கதவைத் தட்ட வேண்டியதுதான். வீட்டுக்காரர் வாடகையை வாங்க மறுத்தால் எந்த பாங்கியில் கட்டுவது என்று நோட்டீஸ் கொடுத்துக் கேட்கலாம், மணியார்டர் அனுப்பலாம், கடைசியில் கன்ட்ரோலரிடம் கட்டலாம் என்றெல்லாம் எட்டாவது பிரிவு சொல்கிறது. எங்கள் தொழிலுக்கும் அதில் ஒரு இடம் இருப்பதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் நோட்டீஸ் எழுதத் தெரிந்து, ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பி, சிறு வழக்கு நீதிமன்றத்தில் வருஷக்கணக்கில் வாய்தா வாங்க முடிந்தவனுக்குத்தான் அந்த இடம். ரசீது இல்லாமல் வாய்ச்சொல்லில் குடியிருக்கும் கைவண்டிக்காரனுக்கோ வீட்டுவேலை செய்பவளுக்கோ அது இல்லை.

சட்டத்தில், வாடகைக்கு விட மறுக்கப்பட்டவன் என்று ஒரு பிறவியே கிடையாது. படி தாண்டி உள்ளே வந்த பிறகுதான் வாடகைதாரர் பிறக்கிறார். படியில் நடந்தது வேறு. மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் 'பிராமணர்களுக்கு மட்டும்' என்று போர்டு மாட்டினார்கள். பின்னால் அது 'சைவம் மட்டும்' என்று நாகரிகப்பட்டது. முஸ்லிம் பெயர் கேட்டதும் வீடு 'நேற்றே முடிந்துவிடும்'. சேரி விலாசம் சொன்னால் சாவி தொலைந்துவிடும். வாடகையை ஏற்ற முடியாத வீட்டுக்காரர், யாரை விடுவது என்ற ஒரே அதிகாரத்தை முழுக்கப் பயன்படுத்தினார். ஒருமுறை விட்டால் கிளப்ப முடியாதே என்ற பயம் ஜாதிக்கு ஒரு பொருளாதாரக் காரணத்தையும் வழங்கிற்று. நம் கதைகளின் ஒண்டுக்குடித்தனக்காரர்கள் ஏன் பெரும்பாலும் ஒரே மாதிரி பேசுகிறார்கள், ஒரே பண்டிகை கொண்டாடுகிறார்கள் என்பதற்குப் பதில் இந்தப் படியில் இருக்கிறது. அவர்களுடைய மூச்சுத்திணறல் நிஜம்தான். ஆனால் அது இடம் கிடைத்தவர்களின் மூச்சுத்திணறல். ஜெயகாந்தன் சேரிக்குப் போனார். நம் வட்டத்து விமர்சனம் அவர் குரல் உரத்தது என்பதோடு அந்த விஷயத்தை முடித்துக்கொண்டது.

இன்னொரு வழி அட்வான்ஸ். 1960 சட்டத்தின் ஏழாவது பிரிவுப்படி ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது. ஊர் வழக்கம் பத்து மாதத்தில் வந்து நின்றது. 1973 திருத்தம் குடியிருப்புக்கு மனை, கட்டிட மதிப்பில் வருஷத்துக்கு நூற்றுக்கு ஒன்பது என்று நியாய வாடகையை மாற்றியது. மனை விலை ஏற ஏற நியாயமும் ஏறிற்று. நியாய வாடகை மனு வீட்டுக்காரரின் ஆயுதமாயிற்று. நானூறு ரூபாய்க்கு மேல் வாடகை உள்ள குடியிருப்புகளுக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை என்ற விதியைச் சுப்ரீம் கோர்ட் 1986இல் அடித்தது. இத்தனை மாற்றத்திலும் அட்வான்ஸை யாரும் தொடவில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வாடகை எட்டாயிரம், அட்வான்ஸ் பத்து மாதம் என்று வைத்துக்கொள்வோம். எண்பதாயிரம் வேண்டும். கையில் இருப்பவனுக்கு அது சும்மா கிடக்கும் பணம்; இல்லாதவன் இரண்டு வட்டிக்கு வாங்குகிறான். மாதம் ஆயிரத்து அறுநூறு வட்டி. அவனுடைய வாடகை ஒன்பதாயிரத்து அறுநூறு. ஒரே அறைக்கு ஏழை கூடுதலாகக் கொடுக்கிறான்; அந்தக் கூடுதல் எந்த வாடகைச் சட்டத்தின் கணக்கிலும் வராது. வீடு வாங்கக் கடன் தருகிற பாங்கியில் வீட்டுக்குள் நுழையக் கடன் கிடையாது. ஜூன் மாதம் நகைக்கடன் கவுண்டரில் நிற்பவர்களைக் கேட்டால் ஸ்கூல் பீஸ் என்பார்கள், அல்லது அட்வான்ஸ் என்பார்கள். மூழ்கிப்போகிற தாலிக்கொடிகளில் எத்தனை இந்த வகை என்று லெட்ஜரில் பத்தி கிடையாது.

1960 சட்டம் போய், 2017இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22இல் அமலுக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். முன்பணம் மூன்று மாதத்துக்கு மேல் கேட்கக்கூடாது. நியாய வாடகை என்ற கருத்து போய்விட்டது. இரு தரப்பும் ஒத்துக்கொண்டதே வாடகை. கட்டுப்பாட்டுக்குப் பயந்துதான் வீடுகளைப் பூட்டி வைக்கிறார்கள், 2011 கணக்கெடுப்பில் நாட்டின் நகரங்களில் ஒரு கோடிக்கு மேல் காலி வீடுகள் இருந்தன என்பது இதற்குச் சொல்லப்பட்ட காரணம். அந்த வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் பூட்டியிருக்கும் வீடுகள் திறந்தாலும் அவை எட்டாயிரத்துக்குத் திறக்குமா என்பது வேறு கேள்வி. 1970இல் ஏற்பட்ட குடிசை மாற்று வாரியமோ நகரத்துக்குள் மாடி வீடு கட்டுவதில் தொடங்கி, 2000க்குப் பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி என்று ஜனங்களைத் தெற்கே தூரத்தில் கொண்டுபோய்விட்டது. வேலை பழைய பேட்டையிலேயே இருந்தது. அதனால் சிலர் பஸ் காசைவிட மலிவு என்று திரும்பிவந்து அதே பேட்டையில் வாடகைக்கு அறை தேடினார்கள்.

அந்த அறைகளில் எழுத்து ஒப்பந்தம் அபூர்வம். கரண்டுக்கு வீட்டுக்காரர் வைத்ததே யூனிட் விலை. தண்ணீர் மோட்டார் அவர் போடும்போது ஓடும். விருந்தாளி வந்தால் முகம் மாறும். ஒப்பந்தம் கேட்டால் வேறு இடம் பார்க்கச் சொல்வார்கள். ஒப்பந்தம் இல்லாவிட்டால் காஸ் இணைப்புக்கும் ரேஷன் கார்டில் விலாசம் மாற்றவும் அலைய வேண்டும். கட்டிட வேலைக்கு வடக்கிலிருந்து வருகிறவர்களுக்குத் தகரக் கூரை வரிசைகளில் இடம் கிடைக்கிறது. அங்கே அறைக்கு இவ்வளவு என்ற பேச்சு இல்லை, தலைக்கு இவ்வளவு. ஷிப்டு மாறும்போது பாயும் கை மாறுகிறது.