சலாபக் காலம்

வாடை அடங்கிய பின்னும் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று எழுவதற்கு முன்னும், ஏறத்தாழ மாசிக் கடைசியிலிருந்து வைகாசி முற்பகுதி வரையில், மன்னார் வளைகுடா குளத்து நீர் போலத் தெளிந்து கிடக்கும் சில வாரங்களே தூத்துக்குடிக் கரைக்கு வெளியூர் ஜனங்களை நூற்றாண்டுக் கணக்காக வரவழைத்துக் கொடுத்த காலம். ஓட்டல்காரர்கள் வாய் ஓயாமல் பேசும் 'சீசன்' என்பது குற்றாலத்துச் சாரலோடு பிறந்ததென்று நம்மவர் எண்ணுவதுண்டு. அதற்கு எத்தனையோ காலம் முன்பே, கடலும் காற்றும் சிப்பியும் கூடி நாள் குறித்து, பற்பல தேசத்து வியாபாரிகளையும் வேடிக்கை பார்ப்பவர்களையும் திரட்டித் தந்த சலாபம் என்னும் முத்துக்குளிப்பை இந்தக் கரை கண்டிருக்கிறது.

இக்கரையின் பழந்துறைமுகமான கொற்கையின் முத்துக்குளிப்பில் தண்டனை பெற்ற கைதிகளை இறக்கினார்கள் என்று முதல் நூற்றாண்டின் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பான பெரிப்ளூஸ் சொல்லுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இப்பக்கம் வந்த மார்க்கோ போலோ, ஏப்ரல் தொடக்கம் முதல் மே நடுப்பகுதி வரை குளிப்பு நடப்பதாகவும், பத்தில் ஒரு பங்கு அரசனுக்கும், பெருமீன்களை மந்திரத்தால் கட்டிவைக்கும் பிராமணருக்கு இருபதில் ஒரு பங்கும் போவதாகவும் எழுதிவைத்தான். கடல்கட்டி எனப்பட்ட அந்த மந்திரவாதியை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கையின் ஆங்கில அரசாங்கமே ஊதியம் கொடுத்து வைத்திருந்தது. அப்போது அப்பதவியிலிருந்தவர் ரோமன் கத்தோலிக்கர் என்று, அந்த அரசாங்கத்தில் அதிகாரியாயிருந்த எமர்சன் டென்னென்ட் குறித்திருக்கிறார். சுறா மதபேதம் பார்ப்பதில்லை என்று அதிகாரிகள் கருதினார்கள் போலும்!

ஆனால் காற்று மட்டும் நாள் குறித்துவிட்டால் போதாது. பார் எனப்படும் கடலடிப் பாறைத்திட்டுகளில் ஒட்டி வளரும் சிப்பி நாலைந்து வயதேனும் நிரம்பியிருந்தாலொழிய முத்து தேறாது. மேலும் இரண்டு மூன்று ஆண்டு விட்டுவைத்தாலோ தானே மடிந்துபோகும். எனவே முன்கூட்டியே பார்களைச் சோதித்து, மாதிரிச் சிப்பிகளைத் திறந்து, அகப்பட்ட முத்தை மதிப்பிட்டு, அதன் பிறகே சலாபம் உண்டா இல்லையா என்று அறிவிப்பார்கள். 1830 முதல் 1856 வரையில் தூத்துக்குடிப் பார்களை 13 முறை சோதித்தும் ஒரு முறையேனும் குளிப்புக்கு உத்தரவு கொடுக்க முடியவில்லை. 1860களின் தொடக்கத்தில்தான் மறுபடி தோணிகள் போயின. ஒரு தலைமுறை முழுவதும் வெறுமனே காத்திருந்துவிட்டு, திடீரென்று ஒரு பங்குனியில் பல்லாயிரம் விருந்தாளிகளுக்கு இடம் தேடவேண்டிய நிலைமை, எந்த மலைவாசஸ்தலத்து விடுதிக்காரரும் அறியாத சங்கடம்.

சலாபம் அறிவித்த ஆண்டிலோ, மனித வாடையற்ற மணல்மேட்டில் ஓலைக் கொட்டகைகளால் ஒரு பட்டணமே எழும்பும். நள்ளிரவுக்குப் பின் நிலக்காற்று வீசத் தொடங்கியதும் பீரங்கி வெடிக்கும். பாய் விரித்த தோணிகள் விடியற்காலையில் பாரின்மேல் நங்கூரமிட்டு நிற்கும். குளிகாரன் கயிற்றில் கட்டிய கருங்கல்லில் காலைப் பொருத்தி, மூச்சை இழுத்து, மூக்கைப் பொத்திக்கொண்டு ஏழெட்டுப் பாகம் கீழே போய், ஒரு நிமிஷத்துக்குள் கைக்கெட்டிய சிப்பிகளை வாரிப் பையில் நிறைத்துக் கயிற்றை அசைப்பான். மேலே இருப்பவன் இழுத்தெடுக்க, அவன் இளைப்பாறும்போது அதே கல்லில் கூட்டாளி இறங்குவான். நண்பகலில் கடற்காற்று எழுந்ததும் குளிப்பு நின்று தோணிகள் கரை திரும்பும். மாலையில் திறவாத சிப்பிகள் ஆயிரக்கணக்கில் ஏலம் போகும்: உள்ளே என்ன இருக்கிறதென்று விற்பவனுக்கும் தெரியாது, வாங்குகிறவனுக்கும் தெரியாது. கீழக்கரை மரைக்காயர்கள், நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், பம்பாய் வியாபாரிகள், அராபியக் குளிகாரர், இவர்களை நம்பி வந்த சாராயக் கடைக்காரர், பக்கிரிகள், கழைக்கூத்தாடிகள், முடிச்சவிழ்க்கிகள் என்று ஜனத்திரள் நெருக்க, சிப்பியை அழுகவிட்டுக் கழுவித்தான் முத்தெடுக்க வேண்டியிருந்தமையால் எழும்பிய துர்நாற்றமும் ஈக்கூட்டமும் வர்ணிக்குந்தரமன்று. வாந்திபேதி கண்டு சலாபம் பாதியில் கலைந்ததும் உண்டு. 1863இல் பாரிஸ் நகரில் பிஸே அரங்கேற்றிய முத்துக்குளிப்போர் பற்றிய இசைநாடகத்தில் இலங்கைக் கரையின் நிலவும் காதலும் இருக்கின்றன. நாற்றம் மாத்திரம் அவ்வளவு தூரம் எட்டவில்லை.

1905ஆம் ஆண்டின் இலங்கைச் சலாபத்தில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் கரையேறின. அந்த லாபத்தில் மயங்கி மறு ஆண்டே 20 வருஷக் குத்தகை எடுத்த கம்பெனி, 1907க்குப் பின் பார்கள் வெறிச்சோடிப் போகவே நொடித்தது. சிப்பியின் கணக்கைப் பங்குதாரர் கணக்கோடு சேர்த்து எழுத நினைத்தவர்களுக்கு வேறென்ன நேரும்? நம் பக்கத்தில் 1955 முதல் 1961 வரையில் ஆண்டுதோறும் நடந்த குளிப்பே கடைசி. அதன்பின் சலாபம் கூடவில்லை. 1973இல் தூத்துக்குடியிலேயே, மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்து அழகர்சுவாமி சிப்பிக்குள் முத்தை வளர்த்துக் காட்டினார். அதற்குக் காற்றையும் பாரையும் பார்த்துக் காத்திருக்க வேண்டிய அவசியமில்லை.

சலாபக் கூட்டம் போக, கொழும்புக்குப் போவதற்காகத் தூத்துக்குடியில் ரயிலில் வந்திறங்கிக் கப்பலேறிய கூட்டமும் 1914இல் தனுஷ்கோடி வழியான கப்பல் பாதை திறந்தபோது கைவிட்டுப் போயிற்று. 2011 ஜூனில், கச்சான் வலுத்து வீசும் மாதத்தில், தூத்துக்குடியிலிருந்து மறுபடி கோலாகலமாகத் தொடங்கிய கொழும்புக் கப்பல் நவம்பரைத் தாண்டவில்லை.

இப்போது ஜனங்களை அழைத்து வருபவை பஞ்சாங்கமும் தேவாலய நாட்காட்டியும்: ஆகஸ்டு 5இல் நிறைவுறும் பனிமய மாதா திருவிழா, குலசேகரப்பட்டினத்துத் தசரா, ஐப்பசியில் திருச்செந்தூர்ச் சூரசம்ஹாரம். கடல் தெளிந்து கிடக்கும் பழைய சலாப வாரங்களிலோ, வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்காவாகிவிட்டபடியால் பிரயாணி அவற்றில் நினைத்தபடி கால் வைக்க முடியாது. மீன் இனவிருத்திக்காக ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையில் விசைப்படகுகளும் துறையில் கட்டிக் கிடக்கின்றன. பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு வருகிறவர்கள் சீலா மீன் கேட்டால், நாட்டுப்படகுக்காரர் கொண்டுவரும் கொஞ்சத்தைத்தான் ஓட்டல்காரர் கூடுதல் விலைக்கு வாங்கிப் பொரித்துப் போடவேண்டியிருக்கிறது.